25 ரூபாய்க்கு 200 கீசெயின்: குரோஷே தொழிலில் எதற்கு விலை வைக்கிறோம்?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். இரண்டு வயதுக் குழந்தை, கையில் 5,000 ரூபாய், குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னுவது, நன்றாகப் போட வரும். ஹேர் கிளிப், ஸ்கிரஞ்சி (சுருக்கம் வைத்த தலைமுடி ரப்பர் பேண்ட்), கீசெயின் செய்து வீட்டிலிருந்தே விற்க ஆசை. ஊரில் ஒரு ஃபேன்சி ஸ்டோர்க்காரர், "கீசெயின் ஒண்ணு 25 ரூபாய், 200 பீஸ் குடுங்க" என்று கேட்டிருக்கிறாராம். அதை எடுக்கலாமா, வேறு என்ன செய்தால் விற்கும், விலை எப்படி வைப்பது, ஜிஎஸ்டி, லைசென்ஸ் எல்லாம் வேண்டுமா என்பது கேள்வி. திருப்பூரில் பல வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆர்டர். 25 ரூபாய்க்கு எடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு சின்னப் பூவோ இதயமோ வைத்த கீசெயினுக்குக் கை பழகியவருக்கே 25 நிமிடம் ஆகும். பின்னுவது மட்டும் இல்லை. பின்னி முடித்ததும் மிஞ்சும் வால்நூலை உள்ளே செருகுவது, வளையம் மாட்டுவது, கவரில் போடுவது எல்லாம் சேர்த்து. 200 பீஸுக்கு 5,000 நிமிடம், அதாவது 83 மணி நேரம். நூல், வளையம், கவர் எல்லாம் பீஸுக்கு 11 ரூபாய் என்று வைத்தால் 2,200 ரூபாய் பொருளுக்கே போய்விடும். மிச்சம் 2,800. மணிக்கு 34 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26க்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. கையில் இவ்வளவு நுணுக்கமான வேலை வைத்துக்கொண்டு அதைவிடக் குறைவாக வாங்குவதில் எந்த நியாயமும் இல்லை. குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் உட்கார முடிந்தால், நான்கு வாரம் முழுக்க இந்த ஒரே ஆர்டருக்குப் போகும். அந்த நான்கு வாரத்தில் வேறு எதையும் செய்து பார்க்க முடியாது.

நான் சொல்ல வந்தது மொத்தமும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. நீங்கள் விற்கப்போவது நூலை இல்லை, உங்கள் நேரத்தை. நிட்டிங்குக்கு மெஷின் உண்டு, எங்கள் ஊர் பனியன் தொழிலே அதில்தான் ஓடுகிறது. குரோஷே மெஷின் என்று பெயர் வைத்து லேஸ், எலாஸ்டிக் ஓட்டும் மெஷின்களும் உண்டு; ஆனால் அவை போடுவது வேறு வகைப் பின்னல். ஊசியை நுழைத்து, நூலை இழுத்து, கண்ணியை முடிக்கிற அசல் குரோஷே தையலை வணிக அளவில் போட்டுத் தரும் மெஷின் இன்றுவரை கிடையாது. பெரிய துணிக்கடையில் தொங்கும் குரோஷே டாப் ஆகட்டும், ஆன்லைனில் 60 ரூபாய்க்கு வரும் வெளிநாட்டுப் பூவாகட்டும், எங்கோ ஒரு கை போட்டதுதான். அந்தக் கைக்கு என்ன கிடைத்திருக்கும் என்று அந்த விலையே சொல்லிவிடும். அதோடு போட்டி போட்டு விலையைக் குறைத்தால் உங்கள் கூலிதான் குறையும்; நூல் விலை யாருக்காகவும் குறையாது.

ஆகவே விலை போடும் முறையை முதலில் பழகுங்கள். ஒரே பொருளை ஐந்து முறை செய்யுங்கள். முதல் இரண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், கை தேடிக்கொண்டிருக்கும். கடைசி மூன்றுக்குப் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து சராசரி எடுங்கள். கூடவே ஒரு சின்ன எடைத் தராசு வைத்து, செய்யும் முன்னும் பின்னும் நூல்கண்டை நிறுத்தால் எத்தனை கிராம் போனது என்று தெரிந்துவிடும். இந்த இரண்டு எண்ணும் இல்லாமல் சொல்லும் விலை எல்லாம் குத்துமதிப்புதான்.

சூரியகாந்திப் பூ வைத்த ஹேர் கிளிப்பை எடுத்துக்கொள்வோம். நூல் 9 ரூபாய், அலிகேட்டர் கிளிப் 4, அட்டையும் கவரும் 4. நேரம் அரை மணி. உங்கள் கூலியை மணிக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 40. மொத்தம் 57. பிரித்துப் போட்டது, வீணானது, கரண்ட், போன் ரீசார்ஜ் என்று பத்து சதவீதம் சேர்த்தால் 63. இதுதான் உங்கள் அடிவிலை. யார் கேட்டாலும், எத்தனை பீஸ் கேட்டாலும் இதற்குக் கீழே போகக் கூடாது. கடைக்காரர் தன் பங்கு இல்லாமல் வைக்க மாட்டார். விற்பனை விலையில் 30, 35 சதவீதம் கேட்பார், அது அவர் வாடகைக்கும் ஆளுக்கும் நியாயமானதும்கூட. 99 ரூபாய் என்று ஒட்டினால் அவருக்கு 35 போக உங்களுக்கு 64 வரும். சரியாக நிற்கிறது. நீங்களே நேரடியாக விற்கும்போதும் அதே 99தான். அப்போது கூடுதலாகக் கையில் நிற்கும் 36 ரூபாயில்தான் ஸ்டால் வாடகை, பஸ், போட்டோ எடுத்த நேரம், "அக்கா இதுல வேற கலர் இருக்கா" என்று வரும் இருபது மெசேஜுக்குப் பதில் சொன்ன நேரம் எல்லாம் அடங்க வேண்டும். கடையில் ஒரு விலை, உங்களிடம் ஒரு விலை என்று வைத்தீர்களானால் அந்தக் கடை அடுத்த மாதம் உங்கள் பொருளை எடுக்காது.

"வீட்ல சும்மா இருக்கற நேரத்துல போடறதுதானே, இவ்ளோ விலையா?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள், பெரும்பாலும் சொந்தக்காரர்கள். பதில் சொல்லிச் சண்டை போட வேண்டாம். விலையை அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள். எழுதிய விலையில் பேரம் பாதியாகக் குறையும். சொந்தபந்தத்துக்குச் சும்மா கொடுக்க ஆசை என்றால் முழுதாகச் சும்மாவே கொடுங்கள், அது அன்பளிப்பு. பாதி விலைக்குக் கொடுத்தால் அதுதான் உங்கள் விலை என்று ஊர் முழுக்கப் பரவிவிடும்.

எதைச் செய்வது என்பதையும் இதே கணக்கில் பாருங்கள். எது அழகு என்று பார்ப்பதற்கு முன்னால், எது ஒரு மணி நேரத்துக்கு அதிகம் தருகிறது என்று பாருங்கள். பலரும் முதலில் கைப்பை பின்ன ஆசைப்படுவார்கள். நூல் 350 ரூபாய், நேரம் பத்து மணி, 900 ரூபாய்க்கு விற்றால் மணிக்கு 55தான், அதுவும் வாங்க ஆள் கிடைத்தால். உள்ளே லைனிங் வேறு தைக்க வேண்டும், இல்லாவிட்டால் சில்லறையும் பேனாவும் ஓட்டை வழியே வெளியே வரும். ஸ்கிரஞ்சி அப்படி இல்லை. ரப்பர் பேண்டின் மேலேயே நேரடியாகத் தையல் போட்டு, அடுத்த சுற்றில் ஒரு கண்ணிக்கு மூன்று என்று கூட்டினால் தானாகச் சுருக்கம் விழுந்துவிடும். வெல்வெட் நூலில் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடியும், 80, 90 ரூபாய்க்குப் போகும். அதனால் ஸ்கிரஞ்சியும் கிளிப்பும் அடித்தளமாக இருக்கட்டும். கைப்பையை ஆர்டரும் பாதிப் பணமும் வந்த பிறகு மட்டும் போடுங்கள்.

நம் ஊருக்கென்றே சில பொருட்கள் உண்டு, அவற்றை ஏன் அதிகம் பேர் தொடுவதில்லை என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். இணையத்தில் வருவதைப் பார்த்து எல்லோரும் டெய்சி, டுலிப், தேனீ என்றே போட்டுக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் நிறத்தில்தான் ரப்பர் பேண்டும் ரிப்பனும் கட்ட வேண்டும் என்று பல பள்ளிகளில் விதி. உங்கள் ஊரில் உள்ள பள்ளிகளின் நிறங்களை எழுதி வைத்துக்கொண்டு, ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் ஜோடி ஜோடியாகச் செய்து வைத்தால் அம்மாக்கள் தேடி வருவார்கள். பார்க்கச் சாதாரணப் பொருள்தான், ஆனால் தொலைப்பதும் திரும்ப வாங்குவதும் வருடம் முழுக்க நடக்கும்.

இன்னொன்று மல்லிகைச் சரம். வெள்ளைப் பருத்தி நூலில் மொட்டு மொட்டாகப் போட்டு, பச்சை நூலில் காம்பு வைத்து, நடுவில் இரண்டு கனகாம்பர நிறம் சேர்த்து ஒரு முழம் கட்டினால், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. நினைத்த நேரத்தில் பூ கிடைக்காத வெளிநாட்டில் இருக்கும் நம் பெண்களுக்கும், பரதநாட்டிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் இது நல்ல பொருள். ஆனால் நேரம் பிடிக்கும். மொட்டு ஒன்றுக்கு மூன்று நான்கு நிமிடம் என்றாலும் நாற்பது மொட்டுக்கு இரண்டரை மணி நேரம். 150 ரூபாய்க்கு யாராவது கேட்டால் கொடுக்கவே கூடாது. 300க்கு மேல் சொல்லத் தயங்காதீர்கள். அது வாடாத பூ, பல வருடம் வைத்துக்கொள்ளலாம் என்பதை அட்டையிலேயே எழுதுங்கள். அப்புறம் நவராத்திரிக்குக் கொலு பார்க்க வருபவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் பொருட்கள், வளைகாப்புத் தாம்பூலத்தில் வைக்கும் குட்டிக் காலணி கீசெயின், பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்ட். இவற்றில் ஒரே பொருளை முப்பது நாற்பது சேர்த்துக் கேட்பார்கள். ஒரே பொருளைத் திரும்பத் திரும்பப் போடும்போது கை வேகம் பிடித்துவிடும், நேரக் கணக்கு உங்கள் பக்கம் சாயும். ஆனால் தேதி தவறக் கூடாது. வளைகாப்பு முடிந்த மறுநாள் போய் நிற்கும் பொருளுக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

5,000 ரூபாய் போதுமா என்றால், போதும். மொத்தத்தையும் நூலில் போடாமல் இருந்தால். பிடி வைத்த ஊசிகள் 2.5, 3, 3.5, 4 மில்லிமீட்டர் என்று நான்கு போதும், 500 ரூபாய்க்குள் முடியும். நூலுக்கு 1,800. பத்து நிறம் எடுங்கள், நாற்பது வேண்டாம். வெள்ளை, கறுப்பு, மஞ்சள், இலைப் பச்சை சீக்கிரம் தீரும் என்பதால் அவற்றில் மட்டும் இரண்டிரண்டு. கிளிப், வளையம், ரப்பர் பேண்டுக்கு 500. கத்தரி, வால்நூல் செருகும் முனை மழுங்கிய மொட்டை ஊசி, இஞ்ச் டேப்புக்கு 250. தராசு 300. அட்டை, கவர், டப்பாவுக்கு 500. மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் கையில் இருக்கட்டும். முதல் சில கூரியர்களுக்கும், திடீரென்று தீரும் ஒரு நிறத்துக்கும் அது வேண்டும். கடன் வாங்கித் தொடங்கவே வேண்டாம். முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 வரை கடன் உண்டுதான். ஆனால் இந்தத் தொழிலில் முதலில் தட்டுப்பாடு வருவது பணத்துக்கு இல்லை, நேரத்துக்குத்தான். கடன் வாங்கினாலும் நாளுக்கு மூன்று மணி நேரம் மூன்று மணி நேரமாகவே இருக்கும்.

நூல் விஷயத்தில் கொஞ்சம் கவனம். நம் கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் பந்துகளில் பெரும்பகுதி லூதியானாவிலிருந்து வருவது. விலை குறைவு, நிறம் நிறைய, சாயம் பெரும்பாலும் நிற்கும். ஆனால் சீக்கிரம் துகள் எழும்பும், நம் வெயிலுக்குக் கழுத்திலோ நெற்றியிலோ வைத்தால் வியர்க்கும். கிளிப், கீசெயினுக்கு அது போதும்; கைக்குழந்தை ஹெட்பேண்டுக்குப் பருத்திதான் சரி. மில்க் காட்டன் என்று விற்பது பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தது. தொட மெத்தென்று இருக்கும், பூவின் இதழ் அழகாக நிற்கும். லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். பருத்தியில் அடர் சிவப்பும் நீலமும் சாயம் விடலாம். ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை பட்டால் அந்த நூலை வெள்ளையோடு சேர்க்காதீர்கள். லேபிளில் நிற எண்ணோடு, எந்தத் தடவை சாயம் போட்டது என்று காட்டும் லாட் எண்ணும் இருக்கும். ஒரே நிற எண், வேறு லாட் என்றால் பக்கத்தில் வைக்கும்போது நிறம் தட்டும். முப்பது பீஸ் ஆர்டருக்கு நூலை ஒரே லாட்டில் ஒரேயடியாக வாங்கிவிடுங்கள்.

கோபியிலிருந்து திருப்பூர் பக்கம்தான். இங்கே எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய கோன் நூல் கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கும். மெல்லிசாக இருக்கும், மூன்று நான்கு இழை சேர்த்துப் போட வேண்டும். பழகத் தாராளமாக வாங்கலாம். ஆனால் இன்று கிடைத்த நிறம் அடுத்த மாதம் கிடைக்காது, பல கோனில் லேபிளே இருக்காது. நிரந்தரமாக விற்கும் டிசைனை இதை நம்பி வைக்காதீர்கள்.

இப்போது ஃபினிஷிங். இதில்தான் 40 ரூபாய் கிளிப்பும் 99 ரூபாய் கிளிப்பும் பிரிகின்றன. பூவின் நடுவைக் கவனியுங்கள். பூவைத் தொடங்கும் நூல் வளையத்தை, அதாவது மேஜிக் ரிங்கை, இழுத்து மூடிவிட்டு வால்நூலை ஒரு இஞ்ச் விட்டு வெட்டினால், பத்து நாள் உபயோகத்தில் நடுவில் ஓட்டை விழும். ஆறு இஞ்சாவது விடுங்கள். மொட்டை ஊசியில் கோத்து, வளையத்தை ஒட்டியே ஒரு முழுச் சுற்று செருகுங்கள். பிறகு ஒரு இழையைத் தாண்டித் திரும்பி, எதிர்த் திசையில் இன்னொரு சுற்று. இழுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள். இரண்டு நிமிடம் கூடுதல், ஆனால் அந்தப் பூ பிரியாது. கிளிப்பில் பூவை வெறும் பசை வைத்து ஒட்டாதீர்கள். க்ளூ கன் பசை சூட்டில் இளகும்; வண்டிப் பெட்டியில் மத்தியானம் கிடந்தாலே போதும். பூவின் பின்னால் ஒரு வட்டம் ஃபெல்ட் துணி வைத்து, கிளிப்பின் மேல்தகடு இரண்டுக்கும் நடுவில் போகும்படி செருகி, சுற்றிலும் நூலால் தைத்துவிடுங்கள். பசை அதற்குத் துணைக்கு மட்டும். செய்து முடித்ததும் ஒன்றை நீங்களே எண்ணெய் வைத்த தலையில் ஒரு வாரம் மாட்டித் துவைத்துப் பாருங்கள். கிளிப் துருப்பிடிக்கிறதா, இதழ் தொங்குகிறதா என்று வாங்குபவர் சொல்லும் முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பொம்மை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சீக்கிரம் கேட்பீர்கள், ஏனென்றால் வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். குரோஷே பொம்மைகளுக்கு இப்போது நல்ல மோகம். 14 வயதுக்குள்ளான பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை கட்டாயம் என்ற மத்திய அரசின் ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு அதில் விலக்கு உண்டு. எனவே பொம்மைக்குப் போவதாக இருந்தால் முதலில் அந்தக் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பெஹ்சான் கார்டு என்பார்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை கைக்குப் போகும் எதிலும் பிளாஸ்டிக் கண், மணி, பட்டன் வைக்காதீர்கள். நூலிலேயே கண் தையுங்கள். பிய்த்து வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். இதில் மட்டும் வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டாலும் இளகக் கூடாது.

பிரபலமான கார்ட்டூன் உருவங்களைச் செய்து விற்பதும் வேண்டாம். எல்லோரும் செய்கிறார்கள் என்பது உண்மை. அந்த உருவங்களின் உரிமை வேறொருவருடையது என்பதும் உண்மை. அதே மாதிரி, வேறொருவர் எழுதிய பேட்டர்னை (பின்னும் செய்முறைக் குறிப்பை) வாங்கிச் செய்தால், செய்த பொருளை விற்க அவர் அனுமதிக்கிறாரா என்று படித்துப் பாருங்கள். பலர் பெயர் குறிப்பிட்டால் போதும் என்பார்கள். சிலர் கூடாது என்பார்கள், அதை மதியுங்கள்.

லைசென்ஸ் விஷயம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம், ஆதாரும் பான் கார்டும் போதும். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது இடைத்தரகர்தான். பதிவு இருந்தால் வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்கவும் பின்னால் கடன் கேட்கவும் உதவும். ஜிஎஸ்டி: தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. ஆன்லைன் சந்தைத் தளங்களில் விற்க முன்பு ஜிஎஸ்டி எண் இல்லாமல் முடியாது. 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர்கள் பதிவு எண் வாங்கிக்கொண்டு ஜிஎஸ்டி இல்லாமலே விற்கலாம். வெளிமாநிலத்துக்கு அனுப்புவதுதான் சிக்கல். பொது விதிப்படி அதற்கு முதல் விற்பனையிலிருந்தே ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கைவினைப் பொருட்களுக்கு 20 லட்சம் வரை ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் அது பட்டியலில் உள்ள பொருட்களுக்கு மட்டும், நிபந்தனைகளோடு. பெங்களூருக்கும் கொச்சிக்கும் தொடர்ந்து அனுப்பும் நிலை வரும்போது ஒரு ஆடிட்டரிடம் உங்கள் பொருளைக் காட்டியே கேட்டுவிடுங்கள். கைத்தொழில் செய்பவர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் கடன் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் நம்ப வேண்டாம். அந்தத் திட்டத்தின் 18 தொழில்களில் குரோஷே இல்லை.

விற்பதற்கு இன்ஸ்டாகிராம் தொடங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளை சார்ட் மேல் வைத்து எடுத்த போட்டோ போதும், ஃபிளாஷ் போட்டால் நிறம் மாறிவிடும். தலையில் மாட்டிய போட்டோ ஒன்று கட்டாயம் வேண்டும், அளவு அப்போதுதான் புரியும். ஆனால் உங்கள் முதல் ஐம்பது விற்பனை நேரில்தான் நடக்கும். கல்லூரிப் பெண்கள்தான் இந்தப் பொருளின் முக்கிய வாடிக்கையாளர்கள். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தால், அந்தப் பொருட்களைக் கல்லூரிகளுக்குள்ளேயே விற்கும் 'கல்லூரிச் சந்தை' நடக்கிறது, குழுக்களின் விற்பனைக் கண்காட்சியான சரஸ் மேளா நடக்கிறது, குழுப் பொருட்களை விற்கும் 'மதி' கடைகள் இருக்கின்றன. குழுவில் இல்லையென்றால் சேர இதுவே ஒரு காரணம். உங்கள் மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் அடுத்த சந்தை எப்போது என்று கேளுங்கள். நேரில் விற்பதில் ஒரு லாபம் எந்த ஆப்பிலும் கிடைக்காது. எந்தப் பூவைக் கையில் எடுக்கிறார்கள், எதைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள் என்று கண்ணால் பார்க்கலாம். பத்துப் பேர் எடுத்துப் பார்த்து யாரும் வாங்காத பொருளுக்கு விலை தப்பு. யாருமே எடுக்காத பொருளுக்கு டிசைன் தப்பு.

ஆன்லைன் ஆர்டருக்கு முழுப் பணமும் வந்த பிறகே செய்யத் தொடங்குங்கள். பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், 100 பீஸ் வேண்டும், அட்வான்ஸ் அனுப்ப இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று ஒரு போன் ஒரு நாள் வரும். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் போடவோ தேவையே இல்லை. பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

மணிக்கட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்துக் கையை உதறி நீட்டுங்கள். கட்டைவிரல் அடியில் வலி நிற்காமல் இருந்தால் ஆர்டர் இருந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். இந்தத் தொழிலில் வேறு மூலதனம் கிடையாது.

இப்படி ஆறேழு மாதம் போனால், உங்கள் மூன்று மணி நேரத்தில் முடியாத அளவு ஆர்டர் வரும். அப்போது பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கொடுத்து வாங்கத் தோன்றும். ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்து நரசாபுரம் குரோஷே லேஸுக்குப் பெயர் பெற்ற ஊர். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் சொல்லித் தந்த வேலை அங்கே பெருந்தொழிலாக வளர்ந்து வெளிநாடெல்லாம் போகிறது, 2024இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அந்த வேலை வளர்ந்த விதம், வீட்டுக்குள் உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்குப் பின்னும் பெண்கள், ஒருவர் பூ போட, இன்னொருவர் அதை இணைக்க, நடுவில் ஏஜெண்டுகள் என்பதுதான். பின்னுபவர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்று யாரும் எண்ணாத வரைக்கும் பீஸ் ரேட் குறைந்துகொண்டே போகும். அந்த ஏஜெண்டின் இடத்தில் நாளைக்கு நீங்கள் இருப்பீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

வேலை கொடுக்கும்போது உங்கள் கை வேகத்தை வைத்து ரேட் போடாதீர்கள். புதிதாக வந்தவரை உங்கள் முன்னால் உட்கார வைத்து, ஐந்து பூ போடச் சொல்லி நேரம் பாருங்கள். உங்களுக்கு 20 நிமிடம் ஆகும் பூ அவருக்கு 30 ஆனால், அந்த 30க்குத்தான் கூலி. மணிக்கு 80 என்றால் பூவுக்கு 40 ரூபாய். அவர் கை வேகம் பிடித்த பிறகும் ரேட்டைக் குறைக்காதீர்கள், அந்த வேகம் அவர் சம்பாதித்தது. நூலும் ஊசியும் நீங்களே நிறுத்துக் கொடுங்கள், நோட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், சனிக்கிழமை வந்த பீஸுக்குச் சனிக்கிழமையே பணம் கொடுங்கள். 40 ரூபாய் கொடுத்தால் 99க்குக் கட்டுப்படியாகவில்லை என்று தோன்றினால், அந்தப் பொருளின் விலையை 120 ஆக்குங்கள், அல்லது அந்த டிசைனை விட்டுவிட்டு வேறு போடுங்கள்.